மந்திரக்காரருக்கு ஒரு குறிபாக்குற போட்டி: "சுடர்முட்டி" விதிகள், வந்து கருத்துச் சொல்லுங்க

கல்லடி_டிஎம்
எல்லாருக்கும் வணக்கம். எங்கட டேபிள்ல டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டிக் கதையா விளையாடுற விளையாட்டு) அஞ்சாம் எடிஷன், 2014 புத்தகம் வெச்சி ஒரு கெம்பெய்ன், அதாவது ஒரு நீளக் கதை, ஓடிட்டு இரிக்கு, நான்தான் டிஎம், கதைய நடத்துறவன், இப்ப கதை ஒரு வாவிக்கரைப் பட்டினத்துக்கு வந்து நிக்கிது. அந்த ஊர்த் திருவிழாவில மந்திரக்காரர் மட்டும் இறங்குற ஒரு போட்டி வைக்கப் போறன், பேர் சுடர்முட்டி. சித்திரை வருசத்துக்கு எங்கட ஊருகள்ல கயித்தில முட்டி கட்டி உடைக்கிறம்தானே, அந்த மாதிரித் தண்ணிக்கு மேல கயிறு கட்டி இலக்குகளத் தொங்க விட்டிருப்பாங்க, கரையில நிண்டு மந்திரத்தால அடிக்கணும். கண்ணக் கட்டுறதில்ல.

ஒரு பக்கத்துக்கு மூண்டு பேர். ஒரு பக்கம் எழுவான்கரை, மத்தது படுவான்கரை, எங்கட மட்டக்களப்பு வாவிட கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் சொல்லுற பேர். பொருளுக்குப் புத்தகத்திலயே ஏசி தந்திரிக்காங்க: துணி, கயிறு 11, கண்ணாடி 13, மரம் 15, கல்லு 17, இரும்பு 19. அத அப்பிடியே எடுத்திரிக்கன். மண்முட்டிக்குத் தனியா இல்ல, கண்ணாடிக்குச் சொன்ன 13 சரி எண்டு நினைக்கன். புள்ளி, கயிறு 1, முட்டி 2, பலகை 3, கருங்கல் 4, இரும்பு மணி 5. பட்டாப் போதும், டெமேஜ் பாக்கிறதில்ல.

எனக்கு ஒரு கவலைதான். இது வெறும் டைஸ் உருட்டுற வேலையாப் போயிரப்படா. குறிபாக்குறவன் ஒவ்வொரு அடிக்கும் முதல்ல யோசிக்கணும், எத அடிக்கிற, எப்ப அடிக்கிற, எந்த மந்திரத்த மிச்சம் வெக்கிற எண்டு. அந்த யோசனை இல்லாட்டி அது போட்டியே இல்ல எண்டுதான் நான் சொல்லுவன். எங்க ஓட்டை இரிக்கு எண்டு பாருங்க.

ஆரையம்பதி_புதுசு
அண்ணே நான் இன்னும் விளையாடினதே இல்ல, வாசிக்கிறதுதான். ஏசி எண்டா என்ன? விதிப் புத்தகம் காசு குடுத்துத்தான் வாங்கோணுமா?

கல்லடி_டிஎம்
ஏசி எண்டா அந்தப் பொருளில அடி படுறதுக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு காட்டுற நம்பர் தம்பி. நீங்க 20 முகம் உள்ள டைஸ உருட்டி உங்கட போனஸக் கூட்டுறீங்க, வாறது ஏசிக்குச் சமனா கூடவா இருந்தாப் பட்டுட்டு. எங்கட ஆக்கள் மூண்டாம் லெவல், மந்திர அடிக்குக் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கூட்டல் 5. அடிப்படை விதி காசில்லாமலே கிடைக்கும், 2023 ஜனவரியில க்ரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸ்ல வெளிய விட்டுட்டாங்க, இறக்கி வாசிங்க. டைஸ் இல்லாட்டி போன்ல ஆப் இரிக்கு.

களுவாஞ்சி_வார்லொக்
அண்ணே முதல்ல எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. என்ட ஆள் வார்லொக் எண்ட வகை மந்திரக்காரன், அவனுக்கு இருக்கிறதே எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரம்தான். 2014 புத்தகத்தில அது உயிருள்ளதுக்கு மட்டும்தான் போகும், பொருளுக்கு ஏலா. விசார்ட் எண்ட மத்த வகை மந்திரக்காரன்ட ஃபயர் போல்ட் மட்டும் உயிருக்கும் பொருளுக்கும் ரெண்டுக்கும் போகும். அப்ப இந்தப் போட்டி ஃபயர் போல்ட் வெச்சிரிக்கிற ஆக்களுக்கு மட்டும் நடத்துற மாதிரித்தானே இரிக்கு. ரே ஒஃப் ஃப்ரொஸ்ட்டும் ஏலா, கைடிங் போல்டும் ஏலா. 2024 புத்தகத்தில எல்ட்ரிச் பிளாஸ்ட்டுக்குப் பொருளும் சேத்துட்டாங்க, அத எடுங்க.

திருக்கோவில்_கிளெரிக்
அப்ப நான் எங்க போறது? நான் கிளெரிக், சாமிட வரத்தால மந்திரம் போடுற ஆள், என்ட சேக்ரட் ஃப்ளேம் மந்திரமும் உயிருக்கு மட்டும்தான். கிளெரிக் எண்டா ஒவ்வொரு முறையும் ஓரமா நிண்டு காயத்துக்கு மருந்து கட்டுற வேலைதான் எண்டு எல்லா டேபிள்லயும் ஆக்கி வெச்சிரிக்காங்க. திருவிழாவிலயாவது எங்களுக்கு ஒரு இடம் தாங்க.

காரைதீவு_கணக்கு
நான் முதல்ல புள்ளிக் கணக்கப் பாக்கிறன், அதுதான் அத்திவாரம்.

கூட்டல் 5 உள்ள ஆளுக்குக் கயிறு படுற சாத்தியம் 75 வீதம், முட்டி 65, பலகை 55, கல்லு 45, இரும்பு 35. நீங்க போட்ட புள்ளியால பெருக்கிப் பாருங்க, கயித்துக்குச் சராசரி 0.75 தான் வருது, முட்டிக்கு 1.3, பலகைக்கு 1.65, கல்லுக்கு 1.8, இரும்புக்கு 1.75. அப்ப என்ன நடக்கும்? கொஞ்சம் கணக்குத் தெரிஞ்ச எல்லாரும் போட்டி முடியுமட்டும் கருங்கல்லுக்கே அடிப்பாங்க, மத்த நாலும் சும்மா தொங்கிட்டு இரிக்கும். நீங்க பயந்த மாதிரியேதான், யோசிக்க ஒண்டும் இல்ல.

புள்ளிய இப்பிடி மாத்துங்க: கயிறு 4, முட்டி 5, பலகை 6, கல்லு 7, இரும்பு 9. இப்ப சராசரி வரிசையா 3, 3.25, 3.3, 3.15, 3.15. எல்லாம் கிட்டக் கிட்ட. எது கூட லாபம் எண்டு கேள்வியே இல்லாமப் போகுது, நான் இப்ப எந்த நிலையில நிக்கிறன் எண்டதுதான் கேள்வி. முன்னுக்கு நிக்கிறவர் கயித்த வெட்டிட்டுப் பேசாம இருக்கலாம். பின்னுக்கு நிக்கிறவர் மணிக்குத்தான் போகோணும். கடைசி அடிக்கு 6 வேணும் எண்டா பலகையா கல்லா எண்டு தலையப் போட்டு உடைக்கவே தேவையில்ல, 8 வேணும் எண்டா மணியத் தவிர வழியில்ல. நம்பர் மாத்தின உடன விளையாட்டே வேறயாப் போகுது பாத்தீங்களா, இது எனக்கு மிச்சம் விருப்பமான விசயம்.

கல்லடி_டிஎம்
அக்கா இது அருமை. புள்ளி 4, 5, 6, 7, 9 எண்டு முடிவு. தம்பி, எல்ட்ரிச் பிளாஸ்ட்டுக்கு 2024 வசனத்த எடுக்கிறன், நீயும் அடிக்கலாம். கிளெரிக்குக்கு யோசிக்கிறன், கொஞ்சம் பொறுங்க.

அக்கரைப்பற்று_அம்பு
அஸ்ஸலாமு அலைக்கும். நான் ரோல்பிளேய விட வில்வித்தைப் போட்டி பாக்கிற ஆள், அதால அந்தப் பக்கத்தில இருந்து ஒண்டு சொல்லுறன். எல்லா அடியையும் கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போனா, நடுவிலயே ஒரு பக்கம் 20 புள்ளி முன்னுக்குப் போயிரும், மறுகா மிச்ச நேரம் ஆரும் பாக்க மாட்டாங்க. ஒலிம்பிக்ல ரிகர்வ் வில்லுக்குத் தனிநபர் போட்டியில செட் முறைதான். ஒரு செட்டுக்கு மூண்டு அம்பு, செட்ட வெண்டவருக்கு 2, சமன் எண்டா ஆளுக்கு 1, முதல்ல 6 எடுக்கிறவர் வெற்றி. ஒரு செட்டில கேவலமாத் தோத்தாலும் அடுத்த செட்டில புதுசாத் தொடங்கலாம். கூடினது அஞ்சு செட், அப்பவும் அஞ்சுக்கு அஞ்சு எண்டா ஒரே ஒரு அம்பு, நடுவுக்குக் கிட்டப் போனவர் வெண்டார். அந்த ஒரு அம்பப் பாக்கக்குள்ள எனக்கு மூச்சே வராது.

அதோட அவங்க மாறி மாறி எய்வாங்க, ஒரு அம்புக்கு 20 செக்கன். அதையும் எடுங்க. எத அடிக்கப் போறன் எண்டு விளையாடுறவர் 20 செக்கனுக்குள்ள சொல்லிரோணும். டேபிள்ல இருந்து பத்து நிமிசம் யோசிச்சா அது குறிபாக்குறது இல்ல, பரீட்சை.

இன்னொண்டு, அவங்க எய்ற தூரம் 70 மீட்டர், அண்ணளவா 230 அடி. உங்கட ஃபயர் போல்ட் 120 அடிதான். ஸ்பெல் ஸ்னைப்பர் எண்ட ஃபீட் (மேலதிகத் திறமை) எடுத்தவருக்கு 240 ஆகுது, அவர் ஒலிம்பிக் தூரத்துக்கு நிக்கிறவர்.

களுவாஞ்சி_வார்லொக்
காக்கா அந்த செட் முறை சூப்பர். அப்ப ஸ்கோர்ச்சிங் ரே என்ன செய்யிற? ஒரே தடவையில மூண்டு கதிர் போகுது, மூண்டுக்கும் தனித்தனி டைஸ். என்ட ஆள் ஃபீண்ட் வகை வார்லொக், அவனிட்ட அது இரிக்கு.

காரைதீவு_கணக்கு
கதிரக் கணக்கெடுக்காதீங்க, முறையக் கணக்கெடுங்க. ஒரு செட்டுக்கு ஆளுக்கு மூண்டு முறை, அந்த முறையில என்ன மந்திரமும் போடலாம். ஸ்கோர்ச்சிங் ரே போட்டா ஒரு முறையில மூண்டு அடி, அதாவது சராசரிக்கு 6.6 புள்ளி மேலதிகம். ஆனா அது ரெண்டாம் லெவல் மந்திரம், மூண்டாம் லெவல் விசார்டிட்டயும் வார்லொக்கிட்டயும் அந்த ஸ்லொட், அதாவது அத எத்தினை தடவை போடலாம் எண்ட கணக்கு, ரெண்டே ரெண்டுதான். வார்லொக்குக்கு ஒரு மணித்தியாலம் ஓய்வு எடுத்தாத் திரும்பி வந்திரும், போட்டி நடக்கக்குள்ள ஓய்வு இல்ல எண்டு வெச்சா ரெண்டு பேரும் சமன். அப்ப மூண்டில இருந்து அஞ்சு செட் வரைக்கும் போகக்கூடிய போட்டியில அந்த ரெண்டையும் எந்த செட்டில எரிக்கிற எண்டு முடிவெடுக்கோணும். தோக்கிற செட்டில எரிச்சா வீண், வெல்லுற செட்டில எரிச்சாலும் வீண், இழுபறியா இருக்கிற செட்டில எரிக்கோணும். அது எது எண்டு முதலே தெரியாது.

கல்லடி_டிஎம்
இதுதான் நான் தேடினது. அப்பிடியே எடுக்கிறன்.

வெல்லாவெளி_பேரன்
வாசிச்சிட்டுத்தான் இருந்தன். ரெண்டு பக்கம் எண்டு சொல்லக்குள்ள எனக்கு எங்கட கொம்புமுறிதான் ஞாபகம் வந்த. ஊரு வடசேரி தென்சேரி எண்டு ரெண்டாப் பிரிஞ்சி, வளைஞ்ச ரெண்டு கொம்ப ஒண்டோட ஒண்டு கொழுவி இழுப்பாங்க, எந்தக் கொம்பு முறியுதோ அந்தச் சேரி தோத்த. ஆனா அது கண்ணகை அம்மனுக்குச் செய்யிற சடங்கு, அந்தச் சேரிப் பேர நீங்க எடுக்காம எழுவான்கரை படுவான்கரை எண்டு வெச்சது நல்லம். அம்மன்ட காரியத்த டேபிளுக்குக் கொண்டு வராம, அதில இரிக்கிற அந்த ரெண்டு பக்க வேகத்த மட்டும் எடுங்க.

நான் சொல்ல வந்தது வேற. மட்டக்களப்பாரு பாயோட ஒட்ட வெப்பாங்க எண்டு யாழ்ப்பாணத்துப் பக்கம் சொல்லுறதக் கேட்டிருப்பீங்க. மந்திரத்துக்குப் பேர் போன நாட்டில இருந்துட்டு, உங்கட போட்டியில ஒருத்தர ஒருத்தர் மறிக்கிறதே இல்ல. எங்கட பழைய கதைகள்ல மந்திரக்காரர் ரெண்டு பேர் மோதினா ஒருத்தர் கட்டுவார், மத்தவர் வெட்டுவார். கட்டும் வெட்டும் இல்லாம ஒவ்வொருத்தரும் தன்ட பாட்டுக்கு முட்டி உடைச்சிட்டுப் போறதெண்டா அதில மோதல் எங்க?

அக்கரைப்பற்று_அம்பு
அதுக்கு நான் முழு எதிர்ப்பு. எய்றவன்ட கையத் தட்டி விடுறது விளையாட்டு இல்ல. வில்லாளிக்கு எதிரி அவன்ட சொந்த மனசுதான், மத்தவர் தொடவே கூடாது. மறிக்க விட்டா ஆர் நல்லாக் குறிபாக்கிற எண்டு தெரியாது, ஆர் நல்லா இடைஞ்சல் குடுக்கிற எண்டுதான் தெரியும்.

வெல்லாவெளி_பேரன்
காக்கா அது வில்லுக்குச் சரி. மந்திரம் எண்டது ஆளுக்கு ஆள் மோதுறதுக்கெண்டே வந்த சாமான். நாலு பேர் சுத்தி நிண்டு சத்தம் போடக்குள்ளயும் மந்திரத்தப் பிசகாமச் சொல்லுறவன்தான் பெரியவன்.

திருக்கோவில்_கிளெரிக்
ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதீங்க, எனக்கு இதில ஒரு வழி தெரியுது. குறிபாக்குற மூண்டு பேருக்குப் புறம்பா நாலாவது ஆள் ஒண்டு வைங்க. அவர் இலக்குக்கு அடிக்க மாட்டார், தன்ட பக்கத்தக் காப்பாத்துற வேலைதான். ப்ளெஸ் மந்திரம் சரியா மூண்டு பேருக்குத்தான் போடலாம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு டி4, நாலு முகம் உள்ள டைஸ், கூடும், ஒரு நிமிசம் நிக்கும். அளவெடுத்து வெட்டின மாதிரி இரிக்கு.

காரைதீவு_கணக்கு
ஓம் பொருந்துது. டி4 எண்டா சராசரி 2.5, சாத்தியத்தில 12.5 வீதம் கூடும். பலகைக்கே அடிக்கிறாங்க எண்டு வெச்சா ஒரு அடிக்கு 0.75, ஒன்பது அடிக்கு 6.75 புள்ளி. ஒரு ஸ்கோர்ச்சிங் ரேக்கு அண்ணளவாச் சமன். ஒரு நிமிசம் எண்டா பத்து ரவுண்ட், மாறி மாறி அடிக்கக்குள்ள ஒரு செட்டுக்குக் காணும். செட்டுக்கு ஒரு ஸ்லொட் எண்டு வைங்க.

கிளெரிக்க மூண்டு பேருக்குள்ள ஒருவரா வெச்சா மட்டும் கூடாது. அவரால மூண்டு அடி குறையுது, அது 9.9 புள்ளி நட்டம். நாலாவது ஆளா நிண்டாத்தான் அவர் பெறுமதி.

கல்லடி_டிஎம்
நாலாவது ஆளுக்குப் பேர் கட்டுக்காரர். கிளெரிக் தங்கச்சி, உங்கட இடம் இது. போட்டியில மிச்சம் பாரமான வேலையும் இதுதான், ஏனெண்டா ப்ளெஸ் கொன்சன்ட்ரேஷன், கவனம் வெச்சிப் பிடிச்சிட்டே இருக்கிற மந்திரம், அவர்ட கவனம் கலைஞ்சா மூண்டு பேருக்கும் போயிரும்.

மறிக்கிற விசயத்தில நான் இப்பிடி யோசிக்கிறன். ஆளுக்கு அடிக்கிற மந்திரம், டெமேஜ் குடுக்கிற மந்திரம் முழுத் தடை. சைலன்ஸ் மட்டும் ஒரு போட்டிக்கு ஒரு தடவை விடுறன். எதிர்ப்பக்கத்துக்கு மேல 20 அடி ஆரைக்கு அமைதி விழும், உள்ளுக்கு நிண்டா வாயால சொல்லுற மந்திரம் ஒண்டும் வராது. ஆனா தப்ப வழி வெச்சிரிக்கன். நிக்கிற இடத்தில இருந்து இலக்குக்கு 90 அடி. அமைதிக்குள்ள மாட்டினவர் 25 அடி பின்னுக்கு நடந்தா வெளிய, அப்பவும் 115 அடிதான், ஃபயர் போல்ட்டும் எல்ட்ரிச் பிளாஸ்ட்டும் ஸ்கோர்ச்சிங் ரேயும் 120 போகும். 20 செக்கனுக்குள்ள அந்தப் புத்தி வந்தாச் சரி.

இது சைலன்ஸ் போடுறவருக்கும் நட்டமில்லாம வராது. சைலன்ஸும் கொன்சன்ட்ரேஷன், ஒரு நேரத்தில அப்பிடி ஒண்டத்தான் பிடிக்கலாம், அதப் போட்டா அவர்ட பக்கத்து ப்ளெஸ் அந்த நொடியே அணைஞ்சிரும். தன்ட மூண்டு பேரின்ட டி4ஐக் குடுத்துத்தான் எதிரிட வாயக் கட்டலாம்.

களுவாஞ்சி_வார்லொக்
நான் சைலன்ஸின்ட நடுவ அவங்களுக்குப் பின்னால 15 அடியில வெச்சா? பின்னுக்குப் போகப் போக உள்ளுக்குத்தானே நிப்பாங்க.

கல்லடி_டிஎம்
பக்கவாட்டில 15 அடி நடந்தா வெளிய வந்திரலாம், கணக்குப் பாத்துட்டன். எங்க வெச்சாலும் 30 அடி நடைக்குள்ள வெளிய வர ஒரு பக்கம் இரிக்கும். கரையில அவ்வளவு இடம் விட்டிருப்பன்.

அக்கரைப்பற்று_அம்பு
இப்பிடியெண்டா ஏத்துக்கிறன். குறிபாக்குறவன்ட கைய ஆரும் தொடல்ல, அவன் நிக்கிற இடத்தத்தான் மாத்துறாங்க. காத்து அடிச்சா வில்லாளி சமாளிக்கிறதுதானே.

ஆரையம்பதி_புதுசு
ரெண்டு பக்கமும் வாவிக்கு ரெண்டு கரையில நிண்டு நடுவில இரிக்கிற இலக்குக்கு அடிச்சா இன்னும் வடிவா இரிக்காதா? பேரும் எழுவான்கரை படுவான்கரைதானே.

கல்லடி_டிஎம்
வடிவுதான் தம்பி, ஆனா தவறின ஃபயர் போல்ட் எல்லாம் எதிர்க்கரையில நிக்கிற சனத்துக்குத்தான் போகும். 90 அடியும் 90 அடியும் 180, சைலன்ஸும் எட்டாது, அது 120தான். ரெண்டு பக்கமும் ஒரே கரையில, 40 அடி இடைவெளி விட்டு நிப்பாங்க.

அக்கரைப்பற்று_அம்பு
காத்து எண்டு சொன்னன்தானே, காத்துக்கு என்ன விதி?

கல்லடி_டிஎம்
புத்தகத்தில பலமான காத்து ஆயுதத்தால எய்றதத்தான் கெடுக்கும், மந்திர அடிக்கு ஒண்டும் செய்யாது. ஆனா இலக்கு தொங்குதே. அதால செட் தொடங்கக்குள்ள ஒரு டி4 உருட்டுவம், 1 வாடை (வடக்குக் காத்து), 2 சோழகம் (தெற்கு), 3 கச்சான் (மேற்கு), 4 கொண்டல் (கிழக்கு). நம்மட ஆக்கள் மேற்க பாத்துத்தான் அடிக்கிறாங்க. வாடையும் சோழகமும் குறுக்க அடிக்கிற காத்து, கயிறு முட்டி பலகை மூண்டும் ஆடும், ஏசிக்கு 2 கூடும். கச்சானும் கொண்டலும் நேருக்கு நேர், ஒண்டும் இல்ல. கல்லும் மணியும் முளை அடிச்சி நிக்கிது, எந்தக் காத்துக்கும் அசையாது.

காரைதீவு_கணக்கு
நல்லம். குறுக்குக் காத்தில கயிறு 2.6, முட்டி 2.75, பலகை 2.7 எண்டு இறங்குது, கல்லும் மணியும் 3.15 லயே நிக்கிது. அப்ப வாடை அடிக்கிற செட்டில எல்லாரும் பாரமான இலக்குக்குத் திரும்புவாங்க, தவறுறதும் கூடும், செட் எந்தப் பக்கமும் விழும். ப்ளெஸுக்கு மவுசும் அப்பதான்.

வெல்லாவெளி_பேரன்
வாடையும் கச்சானும் டைஸில வாற விளையாட்டு நான் இதுக்கு முதல் கேட்டதில்ல. கடலுக்குப் போற ஆக்களுக்குச் சொன்னாலும் விளங்கும் இது.

திருக்கோவில்_கிளெரிக்
நேத்து இரவு நானும் வார்லொக் தம்பியும் வேற நாலு பேரும் குரூப் கோல்ல ஒருக்கா விளையாடிப் பாத்தம், ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேர் குறிபாக்க, ஒரு கட்டுக்காரர். கட்டாயம் எழுதோணும் எண்டு நினைச்சன். நாலாவது செட், 4க்கு 2 எண்டு நாங்க பின்னுக்கு, வாடைக் காத்து. நான் ப்ளெஸ் போட்டுட்டு இரிக்கன். தம்பி கடைசி முறைக்கு வாறான், எங்களுக்கு 8 வேணும். ஸ்கோர்ச்சிங் ரே ஒண்டு மிச்சம் வெச்சிருந்தவன். மூண்டு கதிரையும் கயித்துக்கும் முட்டிக்கும் பிரிச்சி அடிக்கலாம், மணிக்கே மூண்டையும் அடிக்கலாம். 20 செக்கன் ஓடுது, கோல்ல ஒரு சத்தமும் இல்ல. அவன் கல்லுக்கு ரெண்டு, கயித்துக்கு ஒண்டு எண்டான். முதல் கல்லு தவறிட்டு. ரெண்டாவது கல்லு டி4 கூட்டின பிறகுதான் 17 வந்த. கயிறும் பட்டுட்டு, 11 புள்ளி, செட் எங்களுக்கு. அஞ்சாவது செட்டில தோத்துட்டம். எண்டாலும் அந்த டி4 நான் போட்டது. கிளெரிக்கா விளையாடத் தொடங்கின நாள்ல இருந்து இப்பிடி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்ல.

களுவாஞ்சி_வார்லொக்
அக்கா இல்லாட்டி அந்தக் கல்லு பட்டிராது. 14ம் 2ம்தான் வந்த... சரியாச் சொன்னா டைஸ் 11, போனஸ் 5, டி4 இல ஒண்டு.

காரைதீவு_கணக்கு
ஏன் மணிக்கு மூண்டையும் அடிக்கல்ல எண்டு கேக்க நினைச்சன், கணக்குப் போட்டுப் பாத்தா ப்ளெஸோட மூண்டில ஒண்டாவது மணியில படுற சாத்தியம் 85 வீதம். தம்பிட வழி, கல்லு ரெண்டு கயிறு ஒண்டு, அதில எப்பிடியும் ரெண்டு படோணும், அது 71க்குக் கிட்டத்தான் வருது. மணிதான் நல்லாக் கூட.

களுவாஞ்சி_வார்லொக்
20 செக்கன்ல எனக்கு அது தெரியல்ல அக்கா. கல்லு ரெண்டு தடவை கேக்கலாம், கயிறு கை விடாது எண்டுதான் தோணின. அடுத்த முறை மணிதான்.

அக்கரைப்பற்று_அம்பு
பாத்தீங்களா, 20 செக்கன் வைக்கச் சொன்னது இதுக்குத்தான். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம், அஞ்சுக்கு அஞ்சு எண்டா என்ன செய்யிற?

கல்லடி_டிஎம்
ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆள அனுப்போணும், ஒரே அடி, மணிக்கு மட்டும். ப்ளெஸும் இல்ல, ஸ்லொட்டும் இல்ல, காத்தும் பாக்கிறதில்ல. ஒருத்தருக்குப் பட்டு மத்தவருக்குத் தவறினா முடிஞ்சி. ரெண்டும் பட்டாலும் ரெண்டும் தவறினாலும் கூட்டுத்தொகை கூடினவருக்கு, அதுவும் சமன் எண்டாத் திரும்ப அடி. ஆர அனுப்புற எண்டு அந்தப் பக்கமே பேசி முடிவெடுக்கட்டும், டிஎம் வாய் திறக்க மாட்டன்.

முழு விதியையும் ஒரே பக்கத்தில எழுதி இண்டைக்கு இரவு இதிலயே போடுறன். ஞாயித்துக்கிழமை பின்னேரம் 3 மணிக்குக் கல்லடியில எங்கட வீட்டு விறாந்தையில முதல் போட்டி. கல்முனைப் பக்கத்தால வாற ஆக்கள் பாலத்துக்கு முதல்லயே இறங்கிட்டுக் கோல் பண்ணுங்க, வந்து கூட்டிட்டுப் போறன். புதுசுத் தம்பி, நீங்களும் வாங்க, படுவான்கரைக்கு ஒரு ஆள் குறையுது, ஃபயர் போல்ட் உள்ள ஒரு விசார்ட நான் எழுதி வெக்கிறன்.

ஆரையம்பதி_புதுசு
கட்டாயம் வாறன் அண்ணே. விதியும் இறக்கிட்டன், மந்திரப் பக்கம் வாசிச்சிட்டு இரிக்கன்.